டெல்டாவின் நிலத்தடி நீர்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வுக் குழு. பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், லேபில் ஒருவர் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான். காவிரி டெல்டாவில் கல்லணைக்குக் கீழே தொடங்கிக் கடற்கரை வரை ஊர் ஊராகப் போய்க் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பது, தண்ணீர் மாதிரி எடுப்பது, பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுவது எங்கள் வேலை. வரப்பிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் எங்களை நிறுத்திக் கேட்கப்பட்ட கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறோம். கேட்கப்பட்ட மாதிரியே.

நீங்கள் அரசாங்க ஆளா? மோட்டாருக்கு மீட்டர் மாட்டப் போகிறீர்களா?

இல்லை. இரண்டுக்கும் அதுதான் பதில். இலவச மின்சாரத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் நோட்டில் கிணற்றுக்கு ஓர் எண் மட்டும் இருக்கும். உங்கள் பெயரோ சர்வே எண்ணோ வெளியே போகாது. கடன், மானியம், புது போர் (ஆழ்துளைக் கிணறு) போட அனுமதி எதுவும் எங்கள் கையில் இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் மலர்கிறது, மீதிப் பேர் முகம் வாடுகிறது.

சும்மா ஒரு நாடாவை விட்டுவிட்டுப் போகிறீர்களே, அதில் என்ன தெரியும்?

அந்த நாடாவின் முனையில் ஒரு சின்ன உணர்கருவி இருக்கிறது. தண்ணீரைத் தொட்டதும் மேலே 'பீப்' என்று சத்தம் வரும். கேசிங் பைப்பின் (போர் துளைக்குள் இறக்கிய குழாய்) விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை மீட்டர், எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொள்வோம். பிறகு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து கழிப்போம். அவ்வளவுதான்.

காலையில் வருவதற்குக் காரணம் உண்டு. மும்முனை கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விடும். நிறுத்திய பிறகும் பழைய மட்டத்துக்கு ஏற நேரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றை அளப்பது, ஓடி வந்தவனுக்கு நாடி பார்ப்பது மாதிரி.

ஒரு தடவை அளந்தால் ஒன்றும் தெரியாது என்பதும் உண்மை. அதே கிணற்றை ஆண்டு முழுவதும், பல ஆண்டுகள் அளந்தால்தான் கதை பிடிபடும். அதிலும் வழுக்கி விழுந்திருக்கிறோம். ஒரு கிணறு ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குள் சரியாக ஓர் அடி இறங்கியதாக எங்கள் பதிவு காட்டியது. அக்கம்பக்கத்துக் கிணறு எதுவும் இறங்கவில்லை. ஆற்றைப் பார்த்தோம், மழையைப் பார்த்தோம், என்னென்னவோ காரணம் யோசித்தோம். கடைசியில் நேரில் போய்ப் பார்த்தால் வீட்டுக்காரர் துணி துவைக்க சிமெண்ட் மேடை கட்டி, கேசிங்கையும் ஓர் அடி உயர்த்தியிருக்கிறார். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து விளிம்பின் உயரத்தை ஒவ்வொரு தடவையும் அளக்கிறோம்.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறீர்கள். தட்டையாகக் கிடக்கும் டெல்டாவில் அது எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. எங்கள் மாணவர்களே முதல் வருடம் இதில்தான் திணறுவார்கள்.

பாடப்புத்தகத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். பெய்த மழையெல்லாம் ஓடையாகிக் கடைசியில் ஓர் ஆற்றில் சேரும். குடகில் தலைக்காவிரியைச் சுற்றி நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். காவிரிப் படுகை முழுவதும் சேர்த்து 81,155 சதுர கிலோமீட்டர். மேட்டூர் வரை, ஏன், திருச்சி வரைகூட ஆறு தண்ணீரை வாங்கிக்கொண்டே வருகிறது: ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி.

முக்கொம்பைத் தாண்டியதும் எல்லாம் தலைகீழ். இனி ஆறு கொடுக்க ஆரம்பிக்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. மிஞ்சினால் கொள்ளிடத்துக்கும் திறக்கிறார்கள். வெண்ணாறு தென்பெரம்பூரில் பிரிகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி மூன்றாகிறது. அப்புறம் வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து கண்ணி வாய்க்கால். மரத்தின் வேரைப் பார்த்துப் பழகியவனிடம் கிளையைக் காட்டுகிற மாதிரி.

இன்னொரு விஷயம். டெல்டாவில் ஆறு பல இடங்களில் வயலைவிட மேட்டில் ஓடுகிறது. வெள்ளத்தில் வந்த வண்டல் கரையோரம் படிந்து படிந்து கரை உயர்ந்துவிட்டது. வயல் பள்ளத்தில் இருக்கிறது. அதனால்தான் மதகைத் திறந்தால் மோட்டார் இல்லாமல் தண்ணீர் பாய்கிறது. ஆனால் வயலில் பெய்த மழை ஆற்றுக்குத் திரும்ப ஏற முடியாது. வடிகாலைப் பிடித்துக் கடலுக்குத்தான் போகவேண்டும். ஆகவே இங்கே எல்லைக் கோடு ஆற்றங்கரைகள்தான். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் வடிகால் ஓடும் பள்ளம்தான் நாங்கள் கணக்குப் போடும் அலகு. வரைபடத்தில் அதைப் போட எங்களுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஊர்ப் பெரியவர் ஒருவர் குச்சியால் மண்ணில் கீறிப் பத்து நிமிடத்தில் காட்டிவிட்டார்.

மேட்டூர் திறந்தால் எங்கள் போரில் தண்ணீர் ஏறுமா? எத்தனை நாளில்?

ஏறும். எத்தனை நாளில் என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணையும் திறக்கப்படும். அங்கிருந்து வாய்க்காலின் கடைசி முனையான கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாட்கள் ஆகும். வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆற்றோரம் மணல்பாங்கான இடத்தில் ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) வைத்திருப்பவர்கள் சில நாளிலேயே வித்தியாசத்தைப் பார்த்துவிடுவார்கள். இதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உங்கள் கிணற்றில் ஏறுவது அன்றைக்கு வந்த ஆற்றுத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர் தள்ளினால் முன்னால் நிற்பவர் அசைகிறார் இல்லையா, அந்தக் கதைதான். ஆற்றில் மட்டம் ஏறியதும் அழுத்தம் மணல் வழியே முன்னாலேயே வந்துவிடுகிறது. தண்ணீர் நிதானமாகத்தான் வரும். நல்ல மணலிலேயே ஒரு நாளைக்கு ஒரு முழம் நகர்ந்தால் பெரிது. களிமண்ணில் அதுவும் இல்லை.

ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் வயல்களில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் வாய்க்காலும் நெல்வயலும் குளமும் வழியாக. அதனால் மேட்டூர் தாமதமாகத் திறந்த வருடங்களில் இரட்டை அடி விழும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருடம் ஜூன் 12-இல் திறக்க முடியவில்லை. ஆறு காய்ந்ததால் போரை நம்பிக் குறுவை போட்டார்கள். ஆறு காய்ந்ததாலேயே அந்தப் போரை நிரப்பவும் ஆளில்லை. எடுப்பது கூடி, வருவது குறைந்தது. நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் என்று இரண்டு தண்ணீர் டெல்டாவில் கிடையாது. ஒரே கஜானாவுக்கு இரண்டு சாவி.

எங்கள் தண்ணீர் ஆற்றிலிருந்து வந்ததா, மழையிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் எடை கூடியது, எடை குறைந்தது என்று வகைகள் உண்டு; ஹைட்ரஜனிலும் அப்படியே. அணையில் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த தண்ணீரில் எடை குறைந்தது முதலில் ஆவியாகிவிடும், கனமானது தங்கும். ஐப்பசி, கார்த்திகையில் நேராக விழுந்த மழைக்கு அந்தச் சுவடு இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டுக் கிணற்றில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லலாம். நாங்கள் சின்ன பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுவது இதற்காகத்தான். "கொஞ்சூண்டு தண்ணிக்கு இவ்வளவு பந்தாவா" என்று கேட்ட அக்காவுக்கு இதுதான் பதில்.

எங்களுக்கு முப்பது அடியில் நல்ல தண்ணீர். பக்கத்து ஊரில் அதே முப்பது அடியில் உப்பு. ஏன்?

டெல்டாவின் அடியில் இருப்பது ஒரே மண் இல்லை. மணல், களி, மறுபடி மணல், மறுபடி களி என்று அடுக்கு அடுக்காக இருக்கும். அதுவும் பாய் விரித்த மாதிரி நேராக இருக்காது. ஆறு பல ஆயிரம் வருடங்களாக இடம் மாறி மாறி ஓடியிருக்கிறது. பழைய ஆற்றுத் தடம் ஓடிய இடத்தில் மணல், வெள்ளம் தேங்கிய இடத்தில் களி. உங்கள் ஊர் ஒரு பழைய ஆற்றின்மேல் உட்கார்ந்திருக்கலாம். பக்கத்து ஊர் பழைய உப்பங்கழியின்மேல் இருக்கலாம்.

தஞ்சாவூருக்குத் தெற்கே வல்லம் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே செம்மண் மேடு, அடியில் கடலூர் மணற்பாறை. இதே பாறை கிழக்கே போகப் போக வண்டலுக்கு அடியில் ஆழமாகப் போய்விடுகிறது. கடலோரத்தில் மேல் தண்ணீர் உப்பாக இருந்து, களியைத் தாண்டி ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதும் உண்டு. அந்த மாதிரி இடத்தில் போர் போடும்போது கேசிங்கை உப்பு அடுக்கு முழுவதும் இறக்கி நன்றாக அடைக்கவேண்டும். அதில் காசு மிச்சம் பிடித்தால் மேல் உப்பு அதே ஓட்டை வழியாகக் கீழே இறங்கி, உங்கள் போரோடு பக்கத்துப் போரையும் கெடுத்துவிடும். கைவிட்ட போரை மூடாமல் விட்டாலும் இதே கதிதான்.

கடல் உள்ளே வருகிறது என்கிறார்களே?

வருகிறது; ஆனால் எல்லா உப்புக்கும் இன்றைய கடலைக் குற்றம் சொல்லமுடியாது.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிராம். அதனால் கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, கடல்நீர் அடியில் ஆப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. கணக்குப்படி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மாற்றிச் சொன்னால், மேலே ஓர் அடி குறைத்தால் கீழே உப்பு 40 அடி ஏற இடம் கொடுக்கிறீர்கள். இது எளிமையாக்கிய கணக்குதான். நிஜத்தில் களி அடுக்குகள் குறுக்கே நிற்கும். ஆனாலும் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் மணல் மேட்டில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவதும், அதிலேயே மோட்டார் வைத்து இழுத்தால் உப்பாவதும் இதனால்தான்.

மற்ற உப்புகளும் இருக்கின்றன. கடல் ஒரு காலத்தில் உள்ளே இருந்தபோது களியில் தங்கிப்போன பழைய உப்பு. ஆற்றில் வரத்து இல்லாத கோடையில் முகத்துவாரம் வழியாக ஏறிவரும் அலைநீர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோரக் கிணறுகளில் மேலிருந்தே கொட்டிய கடல்நீர். அதை இறைத்து இறைத்து வெளியேற்றியும், சில மழைக்காலம் கழுவியும்தான் சரிசெய்யவேண்டி இருந்தது. எந்த உப்பு என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. பழைய உப்பு உள்ள இடத்தில் எவ்வளவு தடுப்பணை கட்டினாலும் ஆழத் தண்ணீர் இனிக்காது.

கொள்ளிடத்தில் கிணறு போட்டு வேதாரண்யம் வரைக்கும் குடிநீரைக் குழாயில் கொண்டுபோகிறார்கள் என்றால் காரணம் இதுதான். கடைமடையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, காலடியிலேயே நிற்கிறது. வாயில் வைக்க முடிவதில்லை.

டிடிஎஸ் மீட்டர் வாங்கலாமா?

வாங்குங்கள், விலை அதிகமில்லை. அது அளப்பது தண்ணீரில் கரைந்த உப்பை; குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். ஆனால் அந்த மீட்டர் நைட்ரேட், கிருமி எதையும் சொல்லாது. எண் குறைவாகக் காட்டியது என்பதற்காகக் கழிவறைக் குழிக்குப் பக்கத்து அடிபம்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது நிஜமா?

உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்பதையும், வேப்பங்கவை திரும்புவதையும் நாங்களும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். அறிவியல் சோதனையில் அது தேறியதில்லை. ஆனால் டெல்டா வண்டலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், ஆகவே இங்கே நீரோட்டம் பார்ப்பவர் தோற்கவே மாட்டார். நல்ல தண்ணீரா, உப்பா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்போது தேங்காய் படுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் எங்கள் கருவியும் சில சமயம் ஏமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உப்புத் தண்ணீர் உள்ள மணலும், ஈரக் களியும் அதற்கு ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும். போர் போடும் வண்டிக்காரரிடம் அடிக்கு அடி என்ன மண் வந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், இரண்டையும்விட அது உதவும்.

உச்சநீதிமன்றத் தீர்ப்பில் நிலத்தடி நீரைக் காட்டி நம் பங்கைக் குறைத்தார்களே, அது சரியா?

நடந்தது இது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு, கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி வரவேண்டும். 2018 பிப்ரவரி 16-இல் உச்சநீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. மீதி 10 டிஎம்சி, டெல்டாவில் நிலத்தடி நீர் 20 டிஎம்சி இருக்கிறது, அதில் பாதியைக் கணக்கில் எடுக்கலாம் என்ற அடிப்படையில்.

ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். பத்து டிஎம்சி சின்னக் கணக்கில்லை.

பங்கு எவ்வளவு என்பதில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாங்கள் இல்லை. நீரியலாக ஒன்றைச் சொல்லலாம். டெல்டாவின் நிலத்தடி நீரில் பெரும்பங்கு ஆறும் வாய்க்காலும் வயலும் கொடுத்தது. ஆற்றில் வரும் தண்ணீரையும் எண்ணி, அது கீழே இறங்கிய பிறகு மறுபடியும் தனியாக எண்ணினால் ஒரே தண்ணீரை இரண்டு தடவை எண்ணுகிறோம். மழையிலிருந்து மட்டும் இறங்கியது எவ்வளவு என்று பிரிப்பதுதான் சரியான கேள்வி. அந்தச் சின்னப் பாட்டில்கள் இங்கேயும் வேலைக்கு வருகின்றன.

வாய்க்காலுக்கு கான்கிரீட் போடுவது நல்லதா கெட்டதா?

கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் தளம் போட்டபோது விவசாயிகள் எதிர்த்தது நினைவிருக்கும். கான்கிரீட் போட்டால் தண்ணீர் வேகமாகக் கடைமடைக்குப் போகும், ஒரத்தநாடு தாண்டிப் பேராவூரணி வரை சேரும். அதே சமயம் வழியில் கசிந்து கிணறுகளை நிரப்பியது நிற்கும். ஒருவருக்கு வீணாகும் தண்ணீர் இன்னொருவருக்குக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் கருத்து: கீழே உப்பாக உள்ள பகுதியில் கசிந்து போவது உண்மையிலேயே நஷ்டம், அங்கே போடலாம். கீழே நல்ல தண்ணீரும் மணலும் உள்ள பகுதியில் பக்கச் சுவரோடு நிறுத்திக்கொண்டு அடித்தளத்தை மண்ணாகவே விடலாம். எல்லா மைலுக்கும் ஒரே வரைபடம் போடுவதில்தான் எங்களுக்கு மனத்தாங்கல்.

மணல் அள்ளுவதற்கும் போர் தண்ணீருக்கும் என்ன தொடர்பு?

ஆற்று மணல் ஒரு பஞ்சு. வெள்ளத்தைக் குடித்துவைத்து மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் கொடுக்கும். பஞ்சை எடுத்துவிட்டால் வெள்ளம் ஓடிப்போகும். படுகை பள்ளமாகிவிட்டால் கரையோர நிலத்தடி நீர் உங்கள் கிணற்றுக்கு வருவதற்குப் பதில் ஆற்றுக்குள் வடிந்துவிடும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் என்றால் அலைநீர் இன்னும் உள்ளே ஏறும்.

மழைநீர்க் குழி வெட்டினால் போதாதா?

இடத்தைப் பொறுத்தது. வல்லம் மேட்டில் வெட்டுங்கள், பலன் உண்டு. ஆனால் கார்த்திகை மாதம் கீழையூரிலும் தலைஞாயிறிலும் போய்ப் பாருங்கள்: சம்பா பயிர் முழங்கால் தண்ணீரில் நிற்கும், நீர்மட்டம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு இன்னொரு இலை போடுகிற மாதிரி, அங்கே குழி வெட்டினால் குழியும் நிரம்பி நிற்கும், அவ்வளவுதான். அங்கே வேண்டியது வடிகால் தூர்வாருவதும், குளத்தில் தேக்கித் தைக்கு அப்புறம் பயன்படுத்துவதும்.

நெல்லுக்கு இவ்வளவு தண்ணீர் கட்டவேண்டுமா?

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றால் சுமார் 40,000 லிட்டர். சேறு கலக்கி உழுவதால் அடியில் இறுக்கமான படலம் உண்டாகி, கீழே இறங்குவது குறைகிறது; இருந்தாலும் தினம் சில மில்லிமீட்டர் இறங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் போதும் என்பது நம் ஊர்ப் பழக்கம்தான். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, உள்ளே தண்ணீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் பயிர் வாடாது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. முறை வைத்து ஆற்றுத் தண்ணீர் விடும் இடத்தில் இதைச் செய்வது கஷ்டம் என்பது எங்களுக்கும் தெரியும். உங்கள் முறை வரும்போது கட்டாமல் விட்டால் அடுத்த முறை வருமா என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? போர் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். மின்சாரம் இலவசம் என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை.

என் பையன் உங்களிடம் சேர என்ன படிக்கவேண்டும்?

நிலவியல், சிவில், வேளாண் பொறியியல், புவியியல், வேதியியல் எதுவாக இருந்தாலும் சரி. வெயிலில் சைக்கிள் மிதிக்கவும், நாய்க்குப் பயப்படாமல் கொல்லைப்புறம் போகவும், எழுதிய எண்ணைத் திருத்தாமல் இருக்கவும் தெரியவேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம்.

எங்கள் கிணற்றையும் சேர்த்துக்கொள்வீர்களா?

சந்தோஷமாக. போர் போட்ட வருடம், மொத்த ஆழம், எத்தனை அடிக்குக் கேசிங், எந்த அடியில் ஃபில்டர் பைப் என்று தெரிந்தால் எழுதி வையுங்கள். நாடா போக மூடியில் ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை இருந்தால் போதும். பயன்படுத்தாத பழைய கிணறாக இருந்தால் இன்னும் நல்லது. அதைத் தூர்க்கும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு வருவோம், மோட்டாரை மட்டும் அதுவரை போடாமல் இருங்கள். அப்புறம், துணி துவைக்க மேடை கட்டினால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.